பார் மிட்ஸ்வாவுக்கு அழைப்பு வந்திருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த ஆண்டு முழுக்கத் தடிமனான கவர்களில் அழைப்பிதழ்கள் வந்துகொண்டே இருக்கும். வகுப்பில் இருக்கும் யூதப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பதின்மூன்றைத் தொடும் ஆண்டு அது. அலுவலக நண்பர் வீட்டிலிருந்தும் வரலாம். போகலாமா, எதை உடுத்துவது, என்ன கொடுப்பது, அங்கே என்னதான் நடக்கும் என்று தமிழ்ப் பெற்றோர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பார் மிட்ஸ்வா என்றால் பெரிய பிறந்தநாள் விழாவா?

இல்லை. யூத மதப்படி, 13 வயது நிறைந்த பையன் மத விதிகளைத் தானே கடைப்பிடிக்கக் கடமைப்பட்டவன். அதுவரை அவன் செய்யும் தவறுக்குப் பொறுப்பு அப்பா. இனி அவனே. அன்று அப்பா ஒரு வரி சொல்வார்: இவனுக்காக வரும் தண்டனையிலிருந்து என்னை விடுவித்த இறைவனுக்குப் புகழ். பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே இதைச் சொல்வதால் பல யூதக் கோயில்களில் இந்த இடத்தில் சிரிப்பு எழும்.

கூட்டு வழிபாட்டின் சில பகுதிகளுக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். அதற்கு மினியான் என்று பெயர். நேற்று வரை அந்தக் கணக்கில் சேராத பையன் இன்றிலிருந்து சேர்வான். ஒன்பது பேர் உட்கார்ந்து பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சின்னக் கோயில்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போய்ப் பார்த்தால்தான் புரியும்.

நம் ஊர் பூணூல் கல்யாணம் மாதிரி என்கிறார்களே?

வயது ஓரளவு ஒத்துப்போவதால் வரும் நினைப்பு. அடிப்படையே வேறு. இங்கே யாரும் பையனுக்கு எதையும் அணிவித்து அவனை மாற்றுவதில்லை. விழாவே வைக்காமல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும், வயது வந்த அன்று அவன் பார் மிட்ஸ்வாதான். 13 வயதில் கடமைகள் தொடங்கும் என்பது 'பிர்க்கே அவோத்' என்ற பழைய நூலிலேயே இருக்கிறது. விழாவாகக் கொண்டாடும் பழக்கம் இடைக்கால ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மானிய யூதர்களிடையே வளர்ந்தது. தவிர, இது ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதல்ல, எல்லா யூதப் பையன்களுக்கும் உண்டு. கோஹன் எனப்படும் பழைய குருமார் வம்சத்தவரை வாசிப்புக்கு முதலில் அழைப்பார்கள். அது வரிசை முறை, அவ்வளவுதான்.

பையனுக்குப் பிறந்தநாள் மார்ச்சில். விழா மே மாதம். ஏன்?

முதல் காரணம் நாட்காட்டி. 13 வயதை எபிரேய நாட்காட்டிப்படி எண்ணுவார்கள். அது சந்திர மாதங்களால் ஆனது. சூரியனோடு ஒத்துப்போவதற்காக 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அதார் என்ற மாதம் அந்த ஆண்டுகளில் இரண்டு முறை வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு பையன் முதல் அதார் 29ஆம் நாளிலும், இன்னொருவன் இரண்டு நாள் கழித்து வரும் இரண்டாம் அதாரின் முதல் நாளிலும் பிறந்தால், யார் மூத்தவன்? முன்னவன்தான். ஆனால் அவர்களுக்குப் 13 நிறையும் ஆண்டில் ஒரே ஒரு அதார்தான் என்றால், இளையவன் முதல் தேதியிலேயே பார் மிட்ஸ்வா ஆகிவிடுவான். மூத்தவன் 29ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும். யூதச் சட்ட நூல்களே இதைக் குறிப்பிட்டு, அப்படித்தான் என்று தீர்ப்பும் சொல்லியிருக்கின்றன.

இரண்டாவது காரணம் சாதாரணமானது: சனிக்கிழமை கிடைக்க வேண்டும். பெரிய கோயில்களில் இரண்டு மூன்று ஆண்டு முன்பே தேதி ஒதுக்கிவிடுவார்கள். பையனுக்கு வயது வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் விழா வைக்கலாம், முன்னால்தான் கூடாது.

அழைப்பிதழில் காலை ஒன்று, இரவு ஒன்று என இரண்டு நிகழ்ச்சி இருக்கின்றன. இரவுக்கு மட்டும் போனால் போதுமா?

நம்மவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் காலைக்குப் போங்கள். பையன் ஒரு வருடமாகத் தயாரானது காலைக்காக. இரவு நடப்பது விருந்து. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை எந்த மண்டபத்திலும் பார்க்கலாம்.

காலையில் என்னதான் நடக்கிறது?

சனிக்கிழமை காலை வழிபாடு இரண்டு முதல் மூன்று மணி நேரம். நடுவே தோரா வாசிப்பு. தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்கள். தமிழ் பைபிளிலும் முதல் ஐந்து இவைதான். அதை 54 பகுதிகளாகப் பிரித்து வாரம் ஒன்றாக வாசித்து ஓராண்டில் முடிப்பார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் பெரும்பாலும் அந்த வாரத்துக்கு அதே பகுதிதான்.

கிழக்குப் பக்கச் சுவரில் இருக்கும் பேழையைத் திறந்து சுருளை வெளியே எடுப்பார்கள். வெல்வெட் உறை, வெள்ளிக் கிரீடம், சின்ன மணிகள். அதை ஒருவர் தோளில் சாய்த்துச் சபையைச் சுற்றி வருவார். மேடையில் உறையைக் கழற்றி விரிப்பார்கள். விலங்குத் தோலில் இறகுப் பேனாவால் கையால் எழுதிய சுருள் அது. மொத்தம் 3,04,805 எழுத்துகள். தோலை வெறுங்கையால் தொடுவதில்லை. வெள்ளிக் கோல் ஒன்றால் வரியைத் தொட்டுக்கொண்டு போவார்கள். கோலின் நுனியில் ஆள்காட்டி விரலை நீட்டிய குட்டிக் கை இருக்கும்.

சனிக்கிழமையில் ஏழு பேரை ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பார்கள். கடைசியாக இன்னொருவர். பெரும்பாலும் அந்தக் கடைசி இடம் பார் மிட்ஸ்வா பையனுக்கு. தாத்தா, மாமா, சித்தப்பா எல்லாரும் முந்தைய ஏழில் இருப்பார்கள். பையனை எபிரேயப் பெயர் சொல்லி, இன்னாரின் மகன் என்று அழைப்பார்கள். அவன் முன்னும் பின்னும் வாழ்த்து மந்திரம் சொல்லி, சுருளிலிருந்து பாடுவான். பிறகு ஏசாயா, எரேமியா போன்ற தீர்க்கதரிசி நூல்களிலிருந்து ஒரு பகுதி. அதற்குப் பெயர் ஹஃப்தோரா. அதன் மெட்டு வேறு.

வாசிப்பு முடிந்ததும் ஒருவர் சுருளின் இரண்டு கட்டைகளையும் பிடித்து, மூன்று பத்தியாவது தெரியும்படி விரித்தபடியே தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். கனமான சுருள். சபையே எழுந்து நிற்கும். பெரியப்பாவுக்கு இந்தப் பொறுப்பு வந்திருந்தால் குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

அதில் அப்படி என்ன கஷ்டம்? புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுதானே?

சுருளில் உயிர்க்குறிகள் இல்லை. நிறுத்தற்குறி இல்லை. ராகக் குறிப்பும் இல்லை. பழைய ஓலைச்சுவடியைப் புள்ளியில்லாமல் படிக்கச் சொன்ன மாதிரி, எந்த எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் பிள்ளைகள் 'டிக்கூன்' என்ற பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொள்வார்கள். பக்கத்தின் ஒரு பாதியில் குறிகளோடு, மறு பாதியில் சுருளில் இருப்பதுபோல் குறியில்லாமல். குறி உள்ளதைப் பாடிப் பழகிவிட்டு, அதைக் கையால் மறைத்து, மற்றதைப் பார்த்துப் பாட வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் இந்த வேலை. பல பையன்களுக்குக் குரல் உடையும் வயசு வேறு.

மேடையில் வாசிப்பவனின் இரு பக்கமும் ஆள் நின்று புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பொருள் மாறும்படி ஒரு சொல் தவறினால் உடனே குரல் கொடுத்துத் திருத்துவார்கள். பையன் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு மேலே போவான். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. வயதான வாசகர்களுக்கும் இதே கதிதான்.

அப்புறம் உரை. அந்த வாரப் பகுதியைப் பற்றிப் பையன் சில நிமிடம் பேச வேண்டும். இங்கேதான் அதிர்ஷ்டம் விளையாடும். ஒருவனுக்குச் செங்கடல் பிளக்கும் கதை வரும். ஏப்ரலையொட்டிப் பிறந்தவனுக்கு லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்கள் மாட்டலாம்: தோலில் தடிப்பு, வெண்மை, வீட்டுச் சுவரில் பூஞ்சை, குரு வந்து பார்த்து ஏழு நாள் ஒதுக்கிவைப்பது. பதின்மூன்று வயதுப் பையன் நூறு பேருக்கு முன்னால் சொறியைப் பற்றி என்ன பேசுவான்? புறம் பேசியதற்கு வந்த தண்டனை அது என்று பழைய ரப்பிகள், அதாவது யூத மத குருக்கள், விளக்கியதைப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் வதந்தி எப்படிப் பரவுகிறது என்று பேசுவான். நான் கேட்டதில் மிக நல்ல உரைகள் இந்தச் சொறிப் பகுதியில் வந்தவைதான். செங்கடல்காரர்கள் கதையைத் திரும்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மூன்று மணி நேரம் உட்கார முடியாதே?

நேரத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு நடுவில் எழுந்து வருவதைவிடக் கொஞ்சம் தாமதமாகப் போவது மேல். பையன் முறை எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டாரிடமே கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். பேழை திறந்திருக்கும்போதும் வாசிப்பு நடக்கும்போதும் உள்ளே நுழைய வேண்டாம்.

பெரிய பை கொண்டுபோகாதீர்கள். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூதக் கோயிலில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாசலில் காவலாளி நின்று பையைப் பார்ப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

என்ன உடுத்துவது? புடவை சரிதானா?

தாராளமாக. காலைக்கு அடக்கமான உடை என்பதுதான் விதி. பழமைப் பிரிவான ஆர்த்தடாக்ஸ் கோயிலென்றால் தோள், முழங்கை, முழங்கால் மறைய வேண்டும். கை வைத்த ரவிக்கை போட்டு, முந்தானையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டால் போதும். சுடிதார் இன்னும் வசதி. அங்கே ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்காருவார்கள். கணவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். நடுவில் தடுப்பு. கன்சர்வேடிவ், ரிஃபார்ம் பிரிவுகளில் சேர்ந்தே உட்காரலாம்.

ஆண்கள் தலையில் வைக்கும் வட்டக் குல்லாய்க்குக் கிப்பா என்று பெயர். வாசலில் கூடையில் இருக்கும், உள்பக்கம் பையன் பெயரும் தேதியும் அச்சிட்டிருக்கும். யூதர் அல்லாத ஆண்களும் வைத்துக்கொள்வது மரியாதை. வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பக்கத்தில் தொங்கும் குஞ்சம் வைத்த வெள்ளைச் சால்வை மட்டும் உங்களுக்கு இல்லை, அது யூதர்களுக்கானது.

போட்டோ எடுக்கலாமா?

ஆர்த்தடாக்ஸ் கோயிலில் கண்டிப்பாகக் கூடாது, கன்சர்வேடிவ் கோயில்கள் பலவற்றிலும் கூடாது. சனிக்கிழமை ஓய்வுநாளான சப்பாத்தில் மின்கருவிகளை இயக்குவதோ எழுதுவதோ இல்லை. போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள். கழிப்பறையில்கூட விளக்கு எரிகிறபடியே இருக்கட்டும், அணைக்க வேண்டாம். பையன் சுருளோடு நிற்கும் அழகான படங்கள் ஆல்பத்தில் இருக்குமே என்றால், அவை பெரும்பாலும் அதற்கு முந்தைய வார நாளில், ஒத்திகையன்று எடுத்தவை.

எப்போது எழுவது, எப்போது உட்காருவது? கைதட்டலாமா?

மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள். முழங்கால் மடக்குவது, குனிவது எதுவும் நீங்கள் செய்யத் தேவையில்லை. வழிபாட்டுப் புத்தகம் நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரியும் இடத்தில்தான் தொடங்கும். சுருள் உங்கள் வரிசைக்கு வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சால்வை நுனியால் அதைத் தொட்டு முத்தமிடுவார்கள். நீங்கள் அதன் பக்கம் திரும்பி நின்றால் போதும், முதுகு காட்டாமல். நடுவில் சிலர் மட்டும் எழுந்து மெல்லச் சொல்வது துக்கம் காப்பவர்களின் வேண்டுதல். அப்போது பேச்சு வேண்டாம்.

கைதட்டல் பொதுவாக இல்லை. பையனிடம் போய் 'மஸல் டோவ்' (வாழ்த்துகள்) என்று சொல்லுங்கள். அன்று யாரைப் பார்த்தாலும் 'ஷபாத் ஷலோம்', அதாவது சப்பாத் வாழ்த்து.

திடீரென்று எல்லாரும் பையன் மேல் எதையோ எறிகிறார்களே?

மிட்டாய்! ஹஃப்தோரா முடிந்ததும் வாழ்வு இனிக்கட்டும் என்று எறிவது. முன்கூட்டியே ஆளுக்கு இரண்டு கொடுத்து வைத்திருப்பார்கள். மெத்தென்ற ஜெல்லி மிட்டாய்தான் கொடுப்பார்கள், அடிபடக் கூடாதே. ஆனால் பையனின் நண்பர்கள் வேகப்பந்து வீச்சாளர்களாக மாறிவிடுவதால் ரப்பி மேடைக்குப் பின்னால் ஒதுங்குவதைப் பார்க்கலாம். எறிந்து முடித்ததும் குட்டிப் பிள்ளைகள் தரையில் பாய்ந்து பொறுக்குவார்கள். உங்கள் பிள்ளையையும் விடுங்கள்.

சாப்பாடு? நாங்கள் சுத்த சைவம்.

கோஷர் என்றால் சைவம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. கோஷரில் பன்றியும் இறாலும் நண்டும் கிடையாது, மாட்டிறைச்சியும் கோழியும் உண்டு. ஆனால் இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் பரிமாறுவதில்லை. இது உங்களுக்கு உதவும். 'பால் சாப்பாடு' என்றால் அந்த மேசையில் இறைச்சி அறவே இருக்காது. மீன் இருக்கும். பேகல் ரொட்டி, க்ரீம் சீஸ், உப்பிட்ட சால்மன், முட்டை சாலட் என்று ஒரு வரிசை. 'பார்வே' என்று எழுதியிருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று பொருள். முட்டையும் மீனும் பார்வேதான், ஆகவே கேட்டுச் சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் வெந்த சோலன்ட் என்ற பீன்ஸ் குழம்பு மணக்க மணக்க இருக்கும், அதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. கூகல் என்ற நூடுல்ஸ் பதார்த்தத்தில் முட்டை.

வீட்டிலிருந்து கேசரி, முறுக்கு செய்து எடுத்துப் போவதை மட்டும் தவிருங்கள். உங்கள் அடுப்படி கோஷர் இல்லையே, வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவிப்பார்கள். சாப்பாட்டுக்கு முன் சிலர் இரண்டு கைப்பிடி உள்ள கிண்ணத்தால் கை கழுவிவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். ரொட்டி வாயில் போகும் வரை பேசக் கூடாது. நீங்கள் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மொய் எவ்வளவு எழுதுவது?

18இன் மடங்கு. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. உயிர் என்று பொருள்படும் சொல்லின் இரண்டு எழுத்துகளைக் கூட்டினால் 8ம் 10மாகப் பதினெட்டு. அதனால் 36, 54, 72, 180 டாலர் என்று காசோலை எழுதுவார்கள். வகுப்புத் தோழனுக்கு 36 அல்லது 54 கௌரவமான தொகை. நெருங்கிய குடும்பம் என்றால் கூட்டிக்கொள்ளுங்கள். புத்தகமும் நல்ல பரிசு.

சனிக்கிழமை காலை கோயிலுக்குக் கவரைக் கொண்டுபோக வேண்டாம். சப்பாத்தில் பணத்தைத் தொட மாட்டார்கள். இரவு விருந்தில் கொடுங்கள், அல்லது தபாலில் அனுப்புங்கள்.

இரவு விருந்து எப்படி இருக்கும்?

டிஜே, பையன் நுழையும்போது விளக்கு வெள்ளம், கூடைப்பந்தோ விண்வெளியோ ஒரு கருப்பொருள். 'ஹவா நகிலா' பாட்டு ஒலித்ததும் எல்லாரும் கைகோத்து வட்டமாகச் சுற்றுவார்கள். பையனை நாற்காலியோடு தூக்குவார்கள். பிறகு அம்மாவையும். நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அம்மா அலறுவது இதில் ஒரு பகுதி. நீங்களும் வட்டத்தில் சேரலாம், படியெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. 13 மெழுகுவத்தி ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் உறவினரையும் நண்பர்களையும் அழைப்பதும் உண்டு. பிள்ளைகளுக்குக் 'கோக்-பெப்சி' என்ற ஓட்ட விளையாட்டு. பெண் பிள்ளைகள் ஹீல்ஸைக் கழற்றிவிட்டு ஆட ஒரு கூடை நிறையக் காலுறை வைத்திருப்பார்கள்.

இந்த ஆடம்பரத்தைப் பற்றி யூதர்களுக்குள்ளேயே ஓயாத வாக்குவாதம் உண்டு. 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் பெரிய மதச் சட்ட அறிஞரான ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன், தமக்கு அதிகாரம் இருந்தால் இந்த விழாவையே ஒழித்துவிடுவேன் என்ற அளவுக்கு எழுதினார். 1985இல் தொடங்கிய மஸோன் என்ற பசி ஒழிப்பு அமைப்பு, விருந்துச் செலவில் 3 சதவீதத்தைப் பசித்தவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறது. பல பையன்கள் ஏதாவது தொண்டு வேலையையும் தயாரிப்போடு சேர்த்துச் செய்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இல்லையா?

உண்டு, பாட் மிட்ஸ்வா. வயது 12, சில பிரிவுகளில் 13. அமெரிக்காவில் முதலாவதாகச் சொல்லப்படுவது 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற பெண்ணுக்கு நடந்தது. அவருடைய அப்பா ரப்பி மோர்டகாய் கப்லான். சுருளைத் தொடாமல், சற்றுத் தள்ளி நின்று, தன் அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தார். 1992இல், 82 வயதில், இன்னொரு முறை கொண்டாடினார். ஆர்த்தடாக்ஸ் பிரிவில் பெண்கள் பொதுச் சபையில் சுருள் வாசிப்பது இன்றும் பொதுவாக இல்லை.

எருசலேமில் போய்ச் செய்கிறார்களே?

யூதர்களின் புனித இடமான மேற்குச் சுவர் முன்பு, திங்கள் அல்லது வியாழன் காலையில். அந்த இரண்டு நாளும் தோரா வாசிப்பு உண்டு, சப்பாத் இல்லை என்பதால் போட்டோவும் மேளமும் தடையில்லை. அன்று பையன் நெற்றியிலும் கையிலும் வேத வரிகள் அடங்கிய கறுப்புத் தோல் பெட்டிகளைக் கட்டியிருப்பான். சப்பாத்தில் கட்டுவதில்லை. பழைய நகர வாசலிலிருந்து விதானம் பிடித்து, கொம்பு ஊதி அழைத்துவருவார்கள். சுவரின் முன்னால் பெண்கள் பகுதி தனி. அம்மாவும் பாட்டியும் அத்தைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏறி, தடுப்புக்கு மேல் எட்டிப்பார்த்து, குலவையிட்டு மிட்டாய் எறிவார்கள். குலவை வட ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு யூதர்களின் பழக்கம்.

இந்தியாவில் யூதர்கள் இதைச் செய்வதுண்டா?

உண்டு. மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் நல்ல காரியங்களில் மலிதா என்ற படையல் வைப்பார்கள்: அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், மேலே பழங்கள். எலியா தீர்க்கதரிசியை நினைத்துச் செய்யும் நன்றிச் சடங்கு இது. அவர்களில் பெரும்பாலோர் இப்போது இஸ்ரேலில் இருக்கிறார்கள், மலிதாவும் கூடவே போயிருக்கிறது.

83 வயதுத் தாத்தாவுக்குப் பார் மிட்ஸ்வா என்று அழைப்பு வந்திருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை. மனித ஆயுள் எழுபது என்று பைபிளின் சங்கீத நூல் சொல்கிறது. அதற்குப் பிறகு புதிதாக எண்ணத் தொடங்கினால் 83இல் மறுபடி 13. நடிகர் கிர்க் டக்ளஸ் 1999இல் இப்படி இரண்டாவது முறை கொண்டாடினார்.

கவரில் என் மகன் பெயர் மட்டும் இருக்கிறது. நாங்களும் போகலாமா?

இரவு விருந்துக்கு இல்லை. பெயர் யாருக்கு இருக்கிறதோ அவருக்குத்தான் இலை. தம்பி தங்கையையும் கூட்டிப்போகாதீர்கள். இறக்கிவிட்டு, அழைப்பிதழில் போட்டிருக்கும் முடியும் நேரத்துக்குச் சரியாகப் போய்க் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். காலை வழிபாடு பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்ததுதான், வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். வருகிறோமா இல்லையா என்ற பதில் அட்டையைக் குறித்த தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுக்காரருக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும் அவர்கள்.